எட்ஜ், பார்டர், பவுண்டரி, மார்ஜின்: ஓரச் சொற்களைக் குழப்பாமல் கையாள ஒரு வழிகாட்டி

ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்குவதும், புதிதாக வருகிறவர்கள் தமிழாக்கியதைத் திருத்துவதும் என் அன்றாட வேலை. சிவப்பு மை அதிகம் செலவாவது பெரிய கலைச்சொற்களில் என்று நினைப்பீர்கள். இல்லை. ஓரம், விளிம்பு, எல்லை என்று வரும் சின்னச் சொற்களில்தான். அண்மையில் கைக்கு வந்த நான்கு பக்கக் கட்டுரை ஒன்றில் ‘விளிம்பு’ 11 முறை இருந்தது. மூலத்தைப் பார்த்தால் அந்த 11 இடங்களில் 6 வெவ்வேறு சொற்கள். எழுதியவர் சோம்பேறி இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டியிருக்கிறார். அகராதி ஒவ்வொரு முறையும் ‘விளிம்பு, ஓரம், எல்லை’ என்றே கையை விரித்திருக்கிறது.

அவர் செய்த பிழை வரிசையில் இருக்கிறது. சொல்லிலிருந்து தொடங்கினால் எல்லாம் ஒன்றாகத் தெரியும். பொருளிலிருந்து தொடங்கினால் தானாகப் பிரியும். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்து பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் வரிசை இதுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆங்கிலம்–தமிழ் அகராதியை முதலில் மூடி வையுங்கள். கடைசிப் படியில்தான் அது வேண்டும். இப்போது தேவைப்படுவது, கற்பவர்களுக்கென்று போடப்பட்ட, எடுத்துக்காட்டு வாக்கியங்கள் நிறைந்த ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதி. இந்தச் சொற்களின் பொருள் விளக்கங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வேறுபாடு தெரிவது வாக்கியங்களில்தான்.

அப்புறம் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு பட்டுப் புடவை. விளையாட்டாகச் சொல்லவில்லை. மூன்றாம் படியில் இரண்டையும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டவர்கள் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். மனதுக்குள் நினைத்துப் பார்த்தவர்கள் மறுநாளும் ரிம்மையும் பிரிம்மையும் மாற்றி எழுதினார்கள்.

2. தமிழ்ப் பக்கத்தை முதலில் அடுக்குங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். ‘தமிழ்தான் தெரியுமே’ என்ற எண்ணம். ஆனால் நம்மிடமும் இந்த வகையில் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை வாயால் சரியாகச் சொல்கிறோம், எழுதும்போது மறந்துவிடுகிறோம்.

பேருந்தில் ‘ஓரமா நில்லுங்க’ என்று சொல்வார்கள். ‘விளிம்பில் நில்லுங்க’ என்று யாரும் சொல்வதில்லை. ஓரத்தில் ஒரு ஆள் நிற்க இடம் உண்டு. விளிம்பில் நின்றால் விழுவார். ஆக, ஓரம் என்பது உள்ளிருந்து பார்க்கும்போது தெரியும் பக்கவாட்டு இடம். விளிம்பு என்பது பொருள் முடிந்துபோகிற கோடு.

நீளமான பொருளின் முடிவு நுனி: விரல் நுனி, வாழையிலை நுனி. கூராகவோ திருப்பமாகவோ முடிந்தால் முனை: ஊசி முனை, தெருமுனை. தொலைவில் இருக்கும் முடிவு கோடி: தெருக்கோடி. நீருக்கும் துணிக்கும் கரை. உரிமையும் பரப்பும் முடியும் இடம் எல்லை. யாரோ வகுத்து வைத்த அளவு வரம்பு. நேரத்தின் ஓரம் தறுவாய்.

இந்த ஒன்பதையும் ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். மூலத்தில் எட்ஜ் வந்ததும் ‘விளிம்பு’ என்று கை ஓடாமல் தடுப்பது இந்தத் தாள்தான். ஆங்கிலத்தில் படம் பார்ப்பவன் இருக்கையின் எட்ஜுக்கு வருகிறான். நம் விமர்சகர்கள் சீட் நுனிக்கு வருகிறார்கள். அந்த ‘நுனி’ எந்த அகராதியிலிருந்தும் வந்ததில்லை, வாய்வழக்கிலிருந்து வந்தது.

3. முதல் கேள்வி: எந்தப் பொருளின் ஓரம்?

சொல்லைப் பார்க்காதீர்கள், பொருளைப் பாருங்கள். இந்தச் சொற்களில் பாதி, குறிப்பிட்ட பொருள்களோடு மட்டுமே ஒட்டும். இந்தக் கேள்வியிலேயே அவை கழன்றுவிடும். மிச்சப் படிகளுக்கு வேலை குறையும்.

டம்ளரை எடுங்கள். அதன் வாயில் தகட்டை வெளிப்பக்கமாக மடித்து ஒரு வளையம் போல விட்டிருப்பார்கள். அது ரிம். டம்ளர் காலியாக இருந்தாலும் ரிம் இருக்கும், ஏனென்றால் அது டம்ளரின் உறுப்பு. இப்போது காபி ஊற்றுங்கள். இன்னும் ஒரு சொட்டு விட்டால் வழியும் என்ற மட்டம் வரை வந்துவிட்டால், அது பிரிம் வரை நிரம்பியிருக்கிறது. ரிம், பிரிம் இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. பாத்திரத்தைப் பற்றிப் பேசினால் ரிம், உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசினால் பிரிம்.

தமிழில் ‘விளிம்பு வரை ஊற்றினாள்’ என்று எழுதினால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அப்படி யாரும் பேசுவதில்லை. ‘தளும்பத் தளும்ப ஊற்றினாள்’, ‘வாய் வரை ஊற்றினாள்’ என்றுதான் சொல்வோம். குடமோ பானையோ, நமக்கு அங்கே இருப்பது வாய்.

ரிம்முக்கு வட்டம் வேண்டும். சக்கரம், மூக்குக் கண்ணாடி, கிணற்று வாய், எரிமலை வாய். சைக்கிள் கடைக்காரர் ‘ரிம் பெண்டு எடுக்கணும்’ என்கிறாரே, அதே ரிம்தான். ஆனால் வட்டமாக இருந்துவிட்டால் மட்டும் போதாது. வட்ட மேசைக்கும் எட்ஜ் என்றே சொல்வார்கள்; தனி வளையம் பதித்திருந்தால்தான் ரிம். பிரிம்முக்கு இன்னொரு வேலையும் உண்டு: தொப்பியைச் சுற்றி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. இது எப்போதாவதுதான் வரும்.

இனி புடவை. கட்டிலில் விரித்துப் போடுங்கள். துணி முடியும் கோடு எட்ஜ். நீளவாட்டில் ஓடும் ஜரிகைப் பட்டை பார்டர். முந்தானை நுனியில் முடிச்சுப் போட்டுத் தொங்கும் நூல்கள் ஃப்ரின்ஜ். பிரிந்துபோகாமல் இருக்க ஓரத்தை மடித்துத் தைத்திருந்தால் அந்தத் தைத்த மடிப்பு ஹெம். ஒரே புடவையின் ஓரத்தில் நான்கு சொற்கள்.

தமிழில் இவை முறையே விளிம்பு, கரை, குஞ்சம், ஓரமடிப்பு. கடையில் ‘பார்டர்’ என்றே கேட்டாலும் எழுத்தில் ‘கரை’ என்பது நல்ல சொல். கட்சிக்காரர்களின் கரை வேட்டி இருக்கும்வரை அது சாகாது. என்னிடம் வந்த ஒரு பிரதியில் ‘சிவப்பு எல்லை கொண்ட மஞ்சள் புடவை’ இருந்தது. பொருளைப் பார்க்காமல் சொல்லைப் பார்த்ததன் விளைவு. அந்தப் புடவைக்குக் காவலுக்கு ஆள் போட வேண்டியிருக்கும்.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டு இருந்தால் இன்னும் நல்லது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். நெய்யும்போதே இரண்டையும் பிணைத்திருப்பார்கள். கரை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம், அகலத்தை அளக்கலாம். எட்ஜை அப்படி அளக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

4. இரண்டாம் கேள்வி: கோடா, பட்டையா?

அகலம் இல்லாதது கோடு, அகலம் உள்ளது பட்டை. எட்ஜ், பவுண்டரி, லிமிட் கோட்டின் பக்கம். மார்ஜின், ஃப்ரின்ஜ், ஃப்ரான்டியர், அவுட்ஸ்கர்ட்ஸ் பட்டையின் பக்கம். பார்டர் இரண்டு பக்கமும் உட்காரும். புடவையில் பட்டை, நாட்டுப் படத்தில் கோடு.

இந்தக் கேள்வியை ஏன் கேட்க வேண்டும்? பட்டைக்குள் ஆள் இருக்கலாம், வீடு இருக்கலாம், ஏதாவது நடக்கலாம். கோட்டுக்குள் எதுவும் நடக்க முடியாது. அதைத் தொடலாம், தாண்டலாம், அவ்வளவுதான். காட்டின் ஃப்ரின்ஜில் மக்கள் வாழ்கிறார்கள் என்று மூலம் சொன்னால் ‘காட்டின் விளிம்பில் வாழ்கிறார்கள்’ என்பதைவிட ‘காட்டையொட்டி வாழ்கிறார்கள்’, ‘காட்டோரத்தில் வாழ்கிறார்கள்’ பொருந்தும்.

பள்ளிக் கணக்கில் இது நன்றாகத் தெரியும். கனச்சதுரத்துக்கு 12 எட்ஜ். தமிழ்ப் பாடநூலில் 12 விளிம்புகள். இரண்டு முகங்கள் சந்திக்கும் கோடு அது, அகலமே இல்லை. அங்கே ‘ஓரம்’ என்று எழுத முடியாது. இயற்பியலில் ஒளி குறுக்கிட்டு உண்டாக்கும் ஃப்ரின்ஜுக்குப் பாடநூல் வைத்த சொல் ‘பட்டை’. குஞ்சத்தை நினைக்காமல் அகலத்தை நினைத்து வைத்த சொல். நல்ல முடிவு.

கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் படி இன்னும் எளிது. இணையப் பக்க வடிவமைப்பில் எழுத்தைச் சுற்றிப் பேடிங் என்ற உள் இடைவெளி, அதைச் சுற்றிப் பார்டர், அதற்கும் வெளியே மார்ஜின். பார்டர் என்பது கண்ணுக்குத் தெரியும்படி போடுகிற கரை. மார்ஜின் என்பது எதுவும் போடாமல் விடுகிற இடம். ‘பக்கத்துக்கு நல்லா பார்டர் விடுங்க’ என்று ஒருவர் கேட்டுவிட்டு, கல்யாணப் பத்திரிகை போல நாலு பக்கமும் கட்டம் போட்டு வந்ததைப் பார்த்து விழித்தார். அவர் கேட்க நினைத்தது மார்ஜின். பார்டர் ‘போடுவது’, மார்ஜின் ‘விடுவது’. இந்த இரண்டு வினைகளை நினைவில் வைத்தால் போதும்.

5. மூன்றாம் கேள்வி: அந்தப் பக்கம் யார்?

பார்டர், பவுண்டரி, ஃப்ரான்டியர் மூன்றுக்கும் தமிழில் ‘எல்லை’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். தமிழாக்கத்தில் பெரும்பாலும் அது ஓடிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம். அதனால் இந்தப் படியில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

பார்டருக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு, நடுவில் காவல், கடவுச்சீட்டுச் சோதனை. அதைக் கடந்து போகலாம், மூடலாம், திறக்கலாம். 1965 டிசம்பர் 1இல் தொடங்கப்பட்ட எல்லைப் பாதுகாப்புப் படையின் ஆங்கிலப் பெயரில் இருப்பது பார்டர். அங்கே நின்று காவல் காக்கிறார்கள் அல்லவா.

பவுண்டரிக்கு ஒரு பக்கம் போதும். ‘இது எங்கே முடிகிறது?’ என்ற கேள்விக்குப் பதில் அது. கிரயப் பத்திரத்தில் சக்குபந்தி எழுதுகிறார்களே, வடக்கே இன்னார் நிலம், தெற்கே பொதுப்பாதை என்று, அது ஆங்கிலப் பத்திரத்தில் பவுண்டரி. பக்கத்தில் இன்னொருவர் நிலம் இருந்தாலும் பத்திரத்தின் கவலை நம் மனை எதுவரை என்பது மட்டுமே. மனைக்கு பார்டர் என்று எழுதினால் வேலியோரம் பூச்செடி வரிசை வைத்திருப்பதாகத்தான் ஆங்கிலேயர் படிப்பார். தோட்டக்கலையில் பார்டருக்கு அந்தப் பொருள் உண்டு.

நாடுகளுக்கு நடுவிலும் பவுண்டரி வரும். கோட்டை வரைவது, வரையறுப்பது, ஒப்பந்தம் போடுவது என்றால் அந்தச் சொல். 1947இல் ராட்கிளிஃப் தலைமையில் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரித்த ஆணையத்தின் பெயர் பவுண்டரி கமிஷன். அவர் வரைந்தது கோடு. அதில் படை வந்து நின்றபின் அது பார்டர். இந்தியாவும் இலங்கையும் 1974இலும் 1976இலும் செய்துகொண்ட கடல் ஒப்பந்தங்களின் தலைப்பிலும் பவுண்டரி என்றே இருக்கிறது. கடலில் கதவும் கிடையாது, சோதனைச்சாவடியும் கிடையாது. வரைபடத்தில் புள்ளிகளை இணைக்கும் கோடு மட்டும். ராமேசுவரத்து மீனவர் செய்தியை ஆங்கிலத்தில் எழுதும்போது மாரிடைம் பவுண்டரி என்பதே பொருத்தம்.

மாநிலங்களுக்கும் இப்படியே. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்த கதையை எழுதினால் பவுண்டரி. ஓசூர்ப் பக்கம் சோதனைச்சாவடியில் லாரிகள் காத்துக் கிடப்பதை எழுதினால் பார்டர். இரண்டும் மாநிலங்களுக்கு நடுவே ஓடும் கோடுதான், அதை வைத்து என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது.

ஃப்ரான்டியர் வேறு மாதிரி. அது அகலமான பகுதி. ஓர் அரசின் பிடி தளர்ந்து, அந்தப் பக்கம் என்ன என்று சரியாகச் சொல்ல முடியாத நிலப்பரப்பு. பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடுவில் 1893இல் வந்த டூரண்ட் கோடு ஒரு கோடு. அதையொட்டிய மலைப்பகுதி ஃப்ரான்டியர். 1901இல் அங்கே அமைந்த மாகாணத்துக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். 2010இல்தான் அது கைபர் பக்துன்க்வா ஆனது. கான் அப்துல் கஃபார் கானை நாம் ‘எல்லை காந்தி’ என்று சொல்கிறோம். அங்கே எல்லை என்பது ஃப்ரான்டியர். நிலைத்துவிட்ட பெயர், கை வைக்காதீர்கள். ஆனால் ‘அறிவியலின் ஃப்ரான்டியர்’ என்று வரும்போது எல்லை என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். அறிவியல் அங்கே நின்றுவிட்டது என்பது போலப் படும். மூலம் சொல்வது அறிவியல் இன்னும் கால் வைக்காத புதுக்களத்தைப் பற்றி.

ஃப்ரான்டியரை நாட்டு எல்லைக் கோட்டுக்கே சொல்வதும் பிரிட்டன் ஆங்கிலத்தில் உண்டு. ஆகவே படிக்கும்போது சந்தேகப்படுங்கள். எழுதும்போது பரப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி. பந்து மட்டையின் எட்ஜில் பட்டு பவுண்டரிக்கு ஓடுகிறது. மட்டை முடியும் இடம் எட்ஜ், மைதானம் முடியும் இடம் பவுண்டரி. பார்டர்–கவாஸ்கர் கோப்பையில் வரும் பார்டர் மட்டும் ஆலன் பார்டர் என்ற ஆள். அதைப் போய் எல்லைக் கோப்பை ஆக்கிவிட வேண்டாம்.

6. நான்காம் கேள்வி: தாண்டினால் என்ன ஆகும்?

இடத்தைவிட்டு அளவுக்கும் நிலைமைக்கும் வந்துவிட்டால் முதல் மூன்று கேள்விகள் உதவாது. இதைக் கேளுங்கள்.

தாண்டினால் விதி மீறல் என்றால் லிமிட். வேக வரம்பு, வயது வரம்பு. அதிலும் மேல்பக்கம் மட்டும் அடைத்திருந்தால் சீலிங், நமக்கு உச்சவரம்பு. தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தபோது வைத்தது 30 தர ஏக்கர், 1970இல் அது 15 ஆனது. கணக்குப் பாடத்தில் மட்டும் லிமிட் என்றால் ‘எல்லை’. பதினொன்றாம் வகுப்பில் எல்லைகளும் தொடர்ச்சித் தன்மையும் படித்தவர்களுக்குத் தெரியும். அங்கே மீறல் எதுவும் இல்லை, நெருங்கிக்கொண்டே போவதுதான்.

தாண்டினால் ஒன்று தொடங்கும் என்றால் த்ரெஷோல்ட். வாசற்படி என்பது அதன் நேர்ப்பொருள். படியைத் தாண்டினால் வீடு. ஒளிமின் விளைவில் ஒளியின் அதிர்வெண் ஓர் அளவுக்குக் கீழே இருந்தால் எலக்ட்ரான் வெளியே வராது. அந்த அளவுக்குப் பாடநூல் வைத்த பெயர் ‘பயன்தொடக்க அதிர்வெண்’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொருளைத் தவறவிடவில்லை. புதியவர்கள் லிமிட், த்ரெஷோல்ட் இரண்டுக்கும் ‘வரம்பு’ போடுகிறார்கள். வரி விலக்கு போன்ற இடங்களில் அது ஓடும். மருத்துவக் கட்டுரையில் ஓடாது. வலி தெரியத் தொடங்கும் அளவும் வலியைத் தாங்கும் உச்ச அளவும் ஒன்றாகிவிடும்.

தாண்டினால் விழுந்துவிடுவோம் என்றால் பிரிங்க். செங்குத்துப் பாறையின் ஓரம். அதிலிருந்து போர், திவால், அழிவு. நல்ல காரியத்துக்கு அரிதாகவே வரும். நல்லதோ கெட்டதோ இதோ நடக்கப்போகிறது என்றால் வெர்ஜ். அழுகைக்கும் வெர்ஜ், வெற்றிக்கும் வெர்ஜ்.

தமிழாக்குகிறவர்கள் இந்த இரண்டில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ‘அவள் அழுகையின் விளிம்பில் இருந்தாள்’, ‘வெற்றியின் விளிம்பில் அணி’. ஆங்கிலம் இங்கே ஒரு பெயர்ச்சொல்லை நட்டு வைத்து வேலை வாங்குகிறது. நாம் அதை வினையில் முடிக்கிறவர்கள். ‘அழுதுவிடுவாள் போலிருந்தது’. ‘வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது’. ‘நிறுவனம் திவாலாகும் நிலையில் இருந்தது’. ‘சாகும் தறுவாயில்’. விளிம்பு என்ற சொல்லே தேவைப்படாத இடங்கள் இவை. நான் முதலில் சொன்ன 11 விளிம்பில் 4 இந்தப் படியில் போயின.

7. மார்ஜினுக்குத் தனியாக உட்காருங்கள்

மார்ஜின் பல துறைகளில் அலைகிற சொல். ஒவ்வொரு துறையிலும் தமிழில் வேறு சொல் நிலைத்துவிட்டது. அதனால் துறையைப் பார்க்காமல் இதைத் தொடக் கூடாது. அடிப்படை ஒன்றுதான்: நடுவில் மிஞ்சும் இடைவெளி.

தாளில் மிஞ்சினால் ஓர வெற்றிடம். வியாபாரத்தில் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் மிஞ்சினால் லாபம்; கடைக்காரரே ‘இதுல மார்ஜின் கம்மி’ என்பார். தேர்தலில் வாக்கு வித்தியாசம். அளவெடுப்பில் பிழை வரம்பு. எதிலும் விளிம்பு இல்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் ஒருமுறை நன்றாக விழுந்தேன். வேளாண்மை பற்றிய அறிக்கை ஒன்றில் மார்ஜினல் விவசாயி என்று வந்ததை ‘விளிம்புநிலை விவசாயி’ என்று 20 இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். விளிம்புநிலை மக்கள் என்ற வழக்கு இருக்கிறதே, அதே சொல்தானே என்ற துணிச்சல். திருத்துகிறவர் ஒற்றை வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: ‘ரேஷன் கடைக்குப் போனதில்லையா?’ சிறு, குறு விவசாயி என்று ஊரே சொல்கிறது. ஒரு ஹெக்டேருக்கும் குறைவாக நிலம் இருந்தால் குறு விவசாயி, ஒன்றிலிருந்து இரண்டு ஹெக்டேர் வரை என்றால் சிறு விவசாயி. அங்கே மார்ஜினல் என்பது நிலத்தின் அளவு; சமூகத்தில் ஒதுக்கப்பட்டதைப் பற்றிய பேச்சே இல்லை. ஒதுக்கப்பட்டவர்களைச் சொல்லும்போது ஆங்கிலம் பெரும்பாலும் மார்ஜினலைஸ்டு என்று வால் நீட்டும். அந்த வாலைக் கவனியுங்கள்.

8. கூட வரும் சின்னச் சொற்களைச் சரிபாருங்கள்

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கான படி இது. சரியான சொல்லைப் பிடித்த பிறகு, முன்னால் வரும் சின்னச் சொல்லில் கோட்டை விடுகிறார்கள். பிரிங்க், வெர்ஜ், த்ரெஷோல்ட் மூன்றுக்கும் முன்னால் ஆன் வரும். தாளின் மார்ஜினுக்கு இன். பிரிம்முக்கு டூ. லிமிட்டுக்கும் பவுண்டரிக்கும் உள்ளே இருப்பதைச் சொல்ல வித்தின். பார்டரில் நடப்பதற்கு அட், அந்தப் பக்கம் போவதற்கு அக்ராஸ். அவுட்ஸ்கர்ட்ஸுக்கு ஆன், அது எப்போதும் பன்மை, ஊர் ஒன்றாக இருந்தாலும்.

எட்ஜில் ஒரு பொறி இருக்கிறது. ஆன் தி எட்ஜ் என்றால் ஓரத்தில். நடுவில் உள்ள தி-யை விட்டுவிட்டு ஆன் எட்ஜ் என்றால் படபடப்பாக, எரிச்சலாக. மொட்டைமாடி ஓரத்தில் பூனை உட்கார்ந்திருந்தது என்று எழுதப்போய், பூனை பதற்றமாக இருந்தது என்று எழுதிவிடுவீர்கள்.

9. ஊரும் தெருவும் நீரும்

இவை எளிது, வேகமாகப் போகலாம். அவுட்ஸ்கர்ட்ஸ் என்பது ஊர் தேய்ந்து முடியும் இடம், ஊருக்கு ஒதுக்குப்புறம். சபர்ப் என்பது வீடு, கடை, ரயில் நிலையம் எல்லாம் உள்ள புறநகர். தாம்பரத்தை அவுட்ஸ்கர்ட்ஸ் என்றால் அங்கே இருப்பவர்கள் கோபிப்பார்கள்.

பெரிமீட்டர் சுற்றளவு, அல்லது காவலுக்காகச் சுற்றி வளைத்த கோடு. பெரிஃபெரி மையத்திலிருந்து விலகிய வெளிப்பகுதி. நடைபாதையின் ஓரக்கல் கெர்ப். பிரிட்டனில் அது கே எழுத்திலும் அமெரிக்காவில் சி எழுத்திலும் தொடங்கும்.

நீருக்கு நம்மிடம் ‘கரை’ ஒன்று போதும், ஆங்கிலத்துக்குப் போதாது. ஆற்றுக்கு பேங்க். கடலுக்கும் ஏரிக்கும் ஷோர். மணல் விரிந்து மக்கள் காலாற நடந்தால் பீச். நிலப்படத்தில் நீளமாகத் தெரியும் கடலோரம் கோஸ்ட். கோஸ்ட் கார்டைக் கடலோரக் காவல் படை என்று தமிழாக்கியவர் இந்த வேறுபாட்டைப் பிடித்திருக்கிறார். கடற்கரைக் காவல் என்றிருந்தால் மெரினாவில் சுண்டல் விற்பவர்களை விரட்டுகிற ஆட்கள் என்று தோன்றியிருக்கும்.

10. திரும்பத் திரும்ப வரும் தவறுகள்

பவுண்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லை என்று பாய்வது. எல்லை, துள்ளல், கட்டுண்ட நிலை, ஓர் இடத்தை நோக்கிய பயணம் என்று தொடர்பில்லாத சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸில் இருப்பது துள்ளல். தமிழில் ‘நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக’ என்று அழகாக முடித்துவிடலாம். சென்னை பவுண்ட் ரயில் சென்னை நோக்கிப் போகும் ரயில்.

எட்ஜ் வரும் தொடர்களைப் பிய்த்து மொழிபெயர்ப்பது. கட்டிங் எட்ஜ் தொழில்நுட்பம் ‘வெட்டும் விளிம்புத் தொழில்நுட்பம்’ ஆகி அச்சிலும் வந்திருக்கிறது. அதிநவீனம் என்றால் போதும். ஒருவர்மேல் இன்னொருவருக்கு எட்ஜ் இருக்கிறது என்றால் அவர் கை சற்று ஓங்கியிருக்கிறது.

இன்னொன்று, வேறுபாட்டைக் கற்றுக்கொண்ட பிறகு வருவது. புதுச் செருப்பு போட்டவர் தேவையில்லாமல் தெருவில் நடப்பது போல, ஒரே கட்டுரையில் ஓரம், மருங்கு, விளிம்பு, கோடி என்று மாற்றி மாற்றி எழுதுவார்கள். மூலத்தில் ஒரே மேசையின் ஒரே ஓரம் மூன்று முறை வந்தால் மூன்று முறையும் ஓரம் என்றே எழுதுங்கள். சொல் மாறினால் வாசகர் வேறு இடம் என்று நினைப்பார்.

11. ஒரு பத்தியில் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்

ஆங்கிலச் செய்தி ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரின் அவுட்ஸ்கர்ட்ஸில், வேக லிமிட்டைத் தாண்டி வந்த பேருந்து கெர்பில் மோதி, ஆற்று பேங்கின் எட்ஜில் போய் நின்றது. பயணிகள் அழுகையின் வெர்ஜில் இருந்தார்கள். முன்சக்கரத்தின் ரிம் நசுங்கியிருந்தது.

பொருள் என்ன? ரிம் சக்கரத்தோடு ஒட்டியது, கெர்ப் நடைபாதையோடு. இரண்டும் முதல் கேள்வியிலேயே முடிந்துவிட்டன. கோடா, பட்டையா? எட்ஜ் கோடு, அதனால் ஓரம் வேண்டாம், விளிம்பு வேண்டும். இந்தப் பத்தியில் விளிம்பு வர வேண்டிய ஒரே இடம் இது. அவுட்ஸ்கர்ட்ஸ் பட்டை. அந்தப் பக்கம் யார் என்ற கேள்விக்கு இங்கே வேலை இல்லை, விட்டுவிடலாம். தாண்டினால் என்ன? லிமிட் மீறல், ஆக வரம்பு. வெர்ஜ் வினையாக மாற வேண்டும். அகராதியை இப்போது திறக்கலாம்; எனக்கு இந்தப் பத்தியில் தேவைப்படவில்லை.

‘ஊருக்கு வெளியே, வேக வரம்பை மீறி வந்த பேருந்து நடைபாதைக் கல்லில் மோதி, ஆற்றங்கரையின் விளிம்பில் போய் நின்றது. பயணிகள் அழாத குறையாக இருந்தார்கள். முன்சக்கரத்தின் ரிம் நசுங்கியிருந்தது.’

ரிம்மை ரிம் என்றே விட்டதைப் பார்த்து ஒருவர் கேட்டார்: ‘சக்கர விளிம்பு என்று போடலாமே?’ போடலாம். ஆனால் அந்த ஓட்டுநர் பட்டறைக்குப் போய் என்ன சொல்வாரோ அதைத்தான் நான் எழுதினேன்.